கூண்டின்றிச் சுறாக்களிடையே: வழிகாட்டியுடன் செல்லும் நடுக்கடல் நீச்சலில் பாதுகாப்பு எதைப் பொறுத்தது?

ஊரிகம் (கோலார் தங்கவயல்): பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் 'கோரமண்டல்' என்றொரு நிலையம் உண்டு. சோழமண்டலக் கடற்கரையின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த நிலையத்திலிருந்து மிக அருகிலுள்ள கடல் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கிறது. ஆயினும் இங்கிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிப் பணிக்குச் செல்லும் இளைஞர்கள், விடுமுறை கிடைத்ததும் அந்தமான், இலட்சத்தீவு, மாலத்தீவு எனக் கடலைத் தேடிப் புறப்படுவது இன்று வியப்புக்குரிய செய்தி அன்று. அவ்வாறு செல்வோரிடம் அண்மை ஆண்டுகளில் விற்கப்படும் பயணங்களுள் ஒன்று, கூண்டு எதுவுமின்றித் திறந்த கடலில் சுறாக்களுடன் நீந்துவது.

கூண்டு என்றால் தங்கவயல் முதியோருக்குச் சுரங்கத்தின் இறக்கிக் கூண்டுதான் நினைவுக்கு வரும். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஏறியவர்களுக்கு, ஆபத்தான இடத்தில் மனிதன் பிழைத்திருப்பது துணிச்சலால் மட்டும் அன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. யார் முன்னே செல்வது, எந்த மணி ஒலித்தால் என்ன பொருள், எப்போது திரும்பி விடுவது ஆகியவற்றை வரையறுத்த ஒழுங்கே அங்கு உயிர் காத்தது. சுறாக்களிடையே நீந்தும் பயணத்துக்கும் இது அப்படியே பொருந்தும். பணம் கட்டுவதற்கு முன் பயணி கேட்க வேண்டிய முதல் கேள்வி, சுறா கடிக்குமா என்பது அன்று. அந்தச் சுறா எவ்வாறு படகின் அருகே வரவழைக்கப்படுகிறது என்பதே.

மன்னார் வளைகுடாவின் 'கடற்கட்டி'

சுறா உலவும் நீரில் கட்டணம் செலுத்திப் பாதுகாப்புப் பெறும் வழக்கம் தமிழ்க் கடலுக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட நம் கிழக்குக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதும்போது ஒரு விவரத்தைத் தருகிறார். குளிப்போரைப் பெரிய மீன்கள் தாக்காதவாறு மந்திரத்தால் கட்டிவைப்போர் இருந்தனர் என்றும், கிடைக்கும் முத்துகளில் இருபதில் ஒரு பங்கை வணிகர்கள் அவர்களுக்குக் கொடுத்தனர் என்றும் அவர் கூறுகிறார். இரவானதும் அவர்கள் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். அனுமதியின்றி எவரும் இரவில் சிப்பி திருட இறங்காதிருக்க அது நல்ல ஏற்பாடு.

சுமார் ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட தமது நூலில் அதே பணியாளரைக் காண்கிறார். தமிழில் அவருக்குக் 'கடற்கட்டி' என்று பெயர். அவர் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர். மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அரசும், அவர் இன்றி முத்துக்குளிப்பு நடவாது என்பதை உணர்ந்து அவருக்கு ஊதியம் வழங்கிற்று. கரையிலிருந்து அவர் சடங்குகளைச் செய்ய, கயிற்றில் கட்டிய கல்லின் எடையால் குளியாள் முத்துப்பாரின் அடிக்குச் சென்று, மூச்சடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மேலேறுவார்.

சுறாவால் நேர்ந்த விபத்துகள் அங்கு மிக அரிதாகவே இருந்தன. அதற்குக் காரணமாக அக்காலப் பார்வையாளர்கள் சொன்னது மந்திரத்தை அன்று, இரைச்சலை. நூற்றுக்கணக்கான படகுகள் ஓரிடத்தில் குவிந்து, ஆயிரக்கணக்கானோர் கூச்சலிட்டுக் குதித்து ஏறும் கடற்பரப்பிலிருந்து சுறாக்கள் விலகிச் சென்றன. இன்றைய சுற்றுலாவோ இதற்கு நேர்மாறானது. இதில் சுறா விலகிச் சென்றுவிட்டால் வணிகம் இல்லை. ஆகவே அது அருகில் வரவும் வேண்டும், வந்தபின் மனிதரை இரையாக எண்ணாமலும் இருக்க வேண்டும். வழிகாட்டியின் தொழில் முழுவதும் இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையில்தான் நடக்கிறது.

மூவகைப் பயணங்கள்

'சுறாக்களுடன் நீச்சல்' என்ற ஒரே விளம்பரத்தின்கீழ் முற்றிலும் வேறுபட்ட பயணங்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, திமிங்கலச் சுறாவுடன் நீந்துவது. உலகின் மிகப்பெரிய மீனாகிய இது 12 மீட்டரையும் கடந்து வளரக்கூடியது. ஆனால் நீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் உண்பது. மனிதனை விழுங்கும் தொண்டை இதற்கில்லை. மூச்சுக்குழாயும் கண்ணாடியும் அணிந்து மேற்பரப்பில் நீந்தியவாறே இதைக் காணலாம். ஆபத்து இருக்குமானால் அது வால் வீச்சிலும், சுற்றி நிற்கும் படகுகளின் சுழல்விசிறியிலும், நீந்துபவரின் களைப்பிலும்தான் இருக்கிறது.

இரண்டாவது, பவளப் பாறைகளை ஒட்டி வாழும் சுறாக்களைக் காற்றுக் கலனுடன் மூழ்கிக் காண்பது. இலட்சத்தீவிலும் அந்தமானிலும் மூழ்குவோர் காண்பவை பெரும்பாலும் இவையே. இவை பொதுவாக மனிதரைக் கண்டு ஒதுங்குபவை.

மூன்றாவதுதான் சிக்கலானது. புலிச்சுறா, காளைச்சுறா, நீலச்சுறா, நடுக்கடல் வெண்முனைச் சுறா போன்ற பெரிய வேட்டை இனங்களுடன் கூண்டின்றி நீந்துவது அது. ஹவாயின் ஓவாகு தீவு, பஹாமாஸ், அசோர்ஸ், தென்னாப்பிரிக்கா, மாலத்தீவின் தென்கோடியில் உள்ள ஃபுவாமுலா ஆகிய இடங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. படகு கரையிலிருந்து சில கிலோமீட்டர் சென்று, அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத நீல நீரில் நிற்கும். முதலில் வழிகாட்டி மட்டும் இறங்கிச் சுறாக்களின் எண்ணிக்கையையும் போக்கையும் பார்ப்பார். அவர் சைகை காட்டிய பின்னரே பயணிகள் ஒருவர்பின் ஒருவராக, நீர் தெறிக்காமல், ஏணி வழியே இறங்குவர்.

இறங்குமுன் கற்பிக்கப்படும் பாடம் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஒன்றுதான். சுறாவின் மீதிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. திறந்த கடலின் சுறாக்களுள் பல, தம்மைக் கவனிக்காத உயிரையே பின்புறமாக அணுகும். தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் உயிரிடம் அவை எச்சரிக்கையாக இருக்கும். கையைக் காலை அடித்து நீரைக் கலக்கக் கூடாது. அடிபட்ட மீனின் துடிப்பும் அவ்வாறே இருக்கும். பளபளக்கும் நகைகளைக் கழற்றிவிட வேண்டும். மங்கலான நீரில் அவை மீன் செதில்போல் மின்னும். குழுவை விட்டு விலகவும் கூடாது. பெரிய சுறா நேரே வந்தால் திரும்பி ஓடாமல், அதை நோக்கி நிமிர்ந்து நின்று இடத்தை விட்டுக்கொடுக்காதிருக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. முதன்முறை நீலத்திலிருந்து நான்கு மீட்டர் நீள உருவம் ஒன்று வெளிப்படும்போது நெஞ்சு படபடக்காதிருப்பவர் அரியர் என்பதால்தான் ஒவ்வொரு குழுவிலும் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்வது முக்கியமாகிறது.

இந்த விதிகளுக்கெல்லாம் அடிப்படை சுறாவின் புலன்கள். நீரின் அதிர்வை உடலின் இரு பக்கக் கோடுகளால் உணர்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகளால், தசை அசைவில் எழும் மெல்லிய மின்புலத்தைக்கூட அறிகிறது. மணலுக்குள் அசையாது புதைந்திருக்கும் மீனையும் இதனால் கண்டுபிடிக்கிறது. கை இல்லாத உயிர் ஆகையால், புதிய பொருள் ஒன்றை அறிய அது கையாளும் கடைசிக் கருவி வாய்தான்.

தூண்டில் உணவு என்னும் பிரச்சினை

எண்களைப் பார்த்தால் அச்சத்துக்குப் பெரிய காரணம் இல்லை. புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பேணும் பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் ஆவணத்தின்படி, 2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் மனிதரின் தூண்டுதலின்றி நிகழ்ந்த கடிகள் 69. அவற்றுள் உயிரிழப்பில் முடிந்தவை 10. இந்த எண்ணைப் பயண விற்பனையாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவர். ஆனால் 'தூண்டுதலின்றி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சுறாவுக்கு உணவூட்டும்போதோ, அதைத் தொடும்போதோ நேரும் கடிகள் தூண்டப்பட்டவை எனத் தனியே வகைப்படுத்தப்படுகின்றன. எனவே உணவு காட்டிச் சுறாவை வரவழைக்கும் பயணத்தின் ஆபத்தை அளக்க அந்த எண் பொருத்தமான அளவுகோல் அன்று.

எல்லாப் பயணங்களும் இரை காட்டுவதில்லை. ஹவாயிலும் புளோரிடாவிலும் கடற்பரப்பில் சுறாவுக்கு உணவூட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. புளோரிடாவில் இத்தடை 2001-இல் வந்தது. அதற்கு மாறாகப் பல இடங்களில் மீன் குருதியும் கழிவும் கலந்த கலவையைக் கடலில் ஊற்றியோ, மீன் தலைகளைப் பெட்டியில் அடைத்து நீரில் இறக்கியோ சுறாக்களைத் திரட்டுகின்றனர். ஃபுவாமுலாவில் புலிச்சுறாக்கள் கூடுவதற்குத் துறைமுகத்தில் மீன் அறுத்துக் கொட்டப்படும் கழிவுகளே தொடக்கக் காரணம். மீனவர்களிடையே நெடுநாளாக நடந்துவந்த ஒன்று சுற்றுலாவுக்கான இரையாகவும் மாறியது.

இரை காட்டுவது கட்டாயம் தாக்குதலுக்கு இட்டுச்செல்லும் என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. கூறுவது வேறு: படகின் ஒலியையும் மனிதரின் வருகையையும் உணவுடன் சுறா இணைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், வழக்கமான அதன் எச்சரிக்கை குறையும். 2010 டிசம்பரில் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் கடற்கரையில் சில நாள்களுக்குள் தொடர்ந்து தாக்குதல்கள் நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தபோது, முன்வைக்கப்பட்ட காரணங்களுள் சுற்றுலாப் படகுகள் முறைகேடாக உணவூட்டியதும், கால்நடைக் கப்பல்களிலிருந்து ஆட்டுச் சடலங்கள் கடலில் எறியப்பட்டதும் இருந்தன.

பிலிப்பீன்சில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். டோன்சோல் என்னும் ஊரில் 1998 முதல் நடைபெறும் திமிங்கலச் சுறாச் சுற்றுலாவில் உணவூட்டல் இல்லை. சுறா வரும் பருவத்தில் வந்தால் காணலாம். வராவிட்டால் ஏமாற்றத்துடன் திரும்ப வேண்டும். செபு தீவின் ஒஸ்லோப் ஊரில் 2011 முதல் மீனவர்கள் சிறு இறால்களை அள்ளிக் கொட்டித் திமிங்கலச் சுறாக்களை நாள்தோறும் கரையருகே நிறுத்துகின்றனர். காலையில் சென்றால் உறுதியாகக் காணலாம் என்பதால் கூட்டம் ஒஸ்லோப்புக்கே அதிகம். வலசை செல்ல வேண்டிய உயிர்கள் ஓரிடத்தில் தங்கிவிடுவதையும், படகுகளில் உரசிய காயங்கள் மிகுவதையும் கடல் உயிரியலாளர்கள் சுட்டிக்காட்டி வருகின்றனர். ஒஸ்லோப்பின் வருமானம் உண்மையானது. வறிய மீனவர் குடும்பங்களின் வாழ்வு உயர்ந்ததும் உண்மை. இருந்தும், காலை ஒன்பது மணிக்கு உறுதியாகச் சுறா காட்டப்படும் என்று வாக்களிக்கும் விளம்பரத்தைக் கண்டால் பயணி ஒரு கணம் தயங்குவது நல்லது. கடல் அத்தகைய உறுதிகளை இயல்பாகத் தருவதில்லை.

கட்டுப்பாட்டில் முன்மாதிரியாகக் கருதப்படுவது மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ. அங்கு உரிமம் பெற்ற படகுகள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. மேலே சிறு விமானம் பறந்து திமிங்கலச் சுறாவின் இருப்பிடத்தைச் சொல்ல, படகு அதன் பாதையில் முன்னே சென்று பயணிகளை இறக்குகிறது. ஒரு சுறாவின் அருகே ஒரே வேளையில் 10 பேருக்கு மேல் நீந்தக் கூடாது. உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகி நிற்க வேண்டும். தொடுதல், ஒளிவீசிப் படமெடுத்தல், இயந்திர உந்திகளைப் பயன்படுத்துதல் ஆகியன தடை. இதே இடைவெளி விதிகளை வேறு பல நாடுகளும் பின்பற்றுகின்றன.

கூண்டு இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பெரும் வெள்ளைச் சுறாவைக் கூண்டுக்குள்ளிருந்து காணப் புகழ்பெற்ற மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில், இரையைத் துரத்தி வந்த சுறாக்கள் கூண்டுக் கம்பிகளில் சிக்கிய நிகழ்வுகளுக்குப் பின், 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு இச்சுற்றுலாவையே முற்றாக நிறுத்தியது.

வழிகாட்டி உடனிருந்தும் துயரம் நேர்ந்த நிகழ்வும் உண்டு. 2017-இல் கோஸ்டாரிகாவின் கோகோஸ் தீவருகே குழுவாக மூழ்கி மேலேறிக்கொண்டிருந்தோரைப் புலிச்சுறா ஒன்று தாக்கியதில், அமெரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். அதை விரட்ட முயன்ற வழிகாட்டியும் காயமடைந்தார். இத்தகையவை அரிது. எனினும் ஆபத்து முற்றிலும் இல்லை என எழுதித் தரும் நிறுவனம் பொய் சொல்கிறது என்றே கொள்ளலாம்.

நம் கடலின் நிலை

தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி இறுதியில். அதே ஆண்டு மே மாதம் திமிங்கலச் சுறா, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உரிய அதே பாதுகாப்பை இந்தியாவில் பெற்ற முதல் மீன் இதுவே. குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் இவை நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதை மைக் பாண்டேயின் ஆவணப்படம் வெளிக்கொணர்ந்ததும், அதன்பின் வந்த மாற்றமும் நாடறிந்த கதை. மிதவைப் பீப்பாய்களைக் கட்டிப் பிடித்ததால் 'பேரல்' என்று மீனவர்களால் அழைக்கப்பட்ட அம்மீன், 2004-இல் தொடங்கிய பரப்புரைக்குப் பின் 'வாலி', அதாவது அன்புக்குரியவள், ஆயிற்று. பிறந்தகம் வரும் மகளாக அதைக் கருதுமாறு மொராரி பாபு கேட்டுக்கொண்டார். வலையில் சிக்கிய மீனை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் உயிருடன் கடலுக்குத் திரும்பியுள்ளன.

தமிழகக் கரையின் கதை அவ்வளவு இனிமையானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூரைச் சுற்றிய ஊர்களின் மீனவர்கள், தூண்டில் கொண்டு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் நாட்டிலேயே தேர்ந்தவர்கள். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிப்பதற்கு நடுவண் அரசு தடை விதித்தபோது, ஒரே நாளில் அவர்களின் தொழிலே சட்டத்துக்குப் புறம்பானதாகிவிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தடை, அழிவின் விளிம்பிலுள்ள சில இனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. பின்னர் 2013-இல், துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடிய வழக்கத்துக்குத் தடை வந்தது. 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியே நிறுத்தப்பட்டது. இன்றும் உலகில் மிகுதியாகச் சுறா பிடிக்கும் நாடுகளுள் இந்தியா ஒன்று. குழந்தை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு ஆக்கிக் கொடுக்கும் வீடுகள் கடற்கரையில் மட்டுமல்ல, உள்நாட்டிலும் உண்டு.

பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா ஒன்றும் இருக்கிறது. 1839-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அந்தச் சிறிய சுறா, 1979-க்குப் பின் உறுதியாகப் பதிவாகவில்லை. உலக அளவில் நிலைமை எத்தகையது என்பதை 2021-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது: திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970-க்குப் பின் 71 விழுக்காடு சரிந்துள்ளது. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் மனிதரால் கொல்லப்படுவதாக 2013-இல் வெளியான மற்றொரு மதிப்பீடு கூறுகிறது.

இந்தப் பின்னணியில்தான் சுறாச் சுற்றுலாவை ஆதரிப்போர் தங்கள் வாதத்தை வைக்கின்றனர். பசிபிக் தீவு நாடான பலாவு 2009-இல் தன் கடல் முழுவதையும் சுறாச் சரணாலயமாக அறிவித்தது. அங்கு நடந்த ஆய்வொன்று, மூழ்குவோர் காணும் பாறைச் சுறா ஒன்று தன் வாழ்நாளில் சுற்றுலா வழியே ஏறத்தாழ 19 லட்சம் டாலர் ஈட்டித் தருகிறது எனவும், பிடித்து விற்றால் அதன் விலை 108 டாலர் மட்டுமே எனவும் கணக்கிட்டது. மாலத்தீவு 2010-இல் சுறா பிடிப்பதை நாடு முழுவதும் தடை செய்ததன் பின்னணியிலும் இத்தகைய கணக்கே இருந்தது.

கணக்கு சரிதான். அந்த 19 லட்சம் டாலர் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. விடுதிக்கும் விமான நிறுவனத்துக்கும் போகும் பணம், சுறாவை விட்டுவிட்ட மீனவனின் அடுப்பை எரிய வைக்காது. இதற்கு விடை கண்ட இடங்களுள் ஒன்று ஃபிஜி. 1903-க்கும் 1916-க்கும் இடையில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கப்பலேற்றப்பட்ட அதே ஃபிஜிதான். அங்கு பெக்கா நீரிணையருகே உள்ள சுறாப் பாறைக் காப்பகத்தில், தலைமுறை உரிமையாக இருந்த மீன்பிடிப்பை அருகிலுள்ள கிராமங்கள் விட்டுக்கொடுத்தன. ஈடாக, மூழ்கும் ஒவ்வொரு பயணியும் செலுத்தும் வரி அக்கிராமங்களுக்கே செல்கிறது. அங்கும் சுறாக்களுக்கு உணவூட்டப்படுகிறது. அது பற்றிய விமர்சனமும் தொடர்கிறது. ஆயினும் பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் நேரடியான விடை இருக்கிறது. தூத்தூர் மீனவரிடம் சுறாவை விட்டுவிடு என்று சொல்லும் எவரும் முதலில் தயாராக வைத்திருக்க வேண்டிய விடையும் அதுவே.

நிங்கலூவைப் போல் உரிமமும் வரம்பும் வகுத்த சுறா நீச்சல் சுற்றுலா இந்தியாவில் இன்னும் வளரவில்லை. சென்னை, புதுச்சேரிக் கடலில் மூழ்குவோர் எப்போதேனும் திமிங்கலச் சுறாவைக் காண்பதுண்டு. அது நற்பேறே தவிர, விலைக்கு வாங்கக்கூடியது அன்று. அவ்வாறு காண்போர் அதைத் தொடுவதோ, அதன் மீது ஏற முயல்வதோ, படகால் வழிமறிப்பதோ முதல் அட்டவணை விலங்கைத் துன்புறுத்திய குற்றமாகக் கருதப்படலாம்.

மேட்டுநிலப் பயணிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை

கடல் மூழ்குதல்களில் நேரும் உயிரிழப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் சுறா அன்று. நீரோட்டம், பதற்றம், மூச்சுத்திணறல், இதயக் கோளாறு ஆகியனவே. ஏரியும் குளமும் வற்றிய ஊர்களில் வளர்ந்து நீச்சல் அறியாதவர்கள், மிதவை உடையை நம்பி நடுக்கடலில் குதிப்பது சுறாவைவிடப் பெரிய ஆபத்து. மேற்பரப்பு நீச்சலுக்கே ஓரளவு பயிற்சி தேவை. காற்றுக் கலனுடன் மூழ்குவதற்கு முறையான பயிற்சிச் சான்று வேண்டும். தொடக்கநிலைச் சான்று பெற்றவர் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். வழக்கமான பயணக் காப்பீட்டில் மூழ்குதல் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை ஆவணத்தைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சிலவே. இரை காட்டப்படுகிறதா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பயணிகள்? குருதிப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையும் உயிர்வளிக் கலனும் படகில் உள்ளனவா? மிக அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும்? சுறாவைத் தொட்டுப் படமெடுக்க அனுமதிப்பதாகப் பெருமையுடன் சொல்பவரைத் தவிர்த்துவிடலாம்.

தங்கவயல், பெங்களூரு பகுதியினர் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. கடற்கரை நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. காற்றுக் கலனுடன் மூழ்கியவரின் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கூடுதலாகக் கரைந்திருக்கும். அது மெல்ல வெளியேறுவதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால், திறந்த சோடாப் புட்டியில் எழுவதுபோல் உடலுக்குள் குமிழ்கள் தோன்றி மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை விளைவிக்கலாம். விமானத்தில் ஏறுவதற்கு முன், ஒரு முறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது மூழ்குநர் பாதுகாப்பு அமைப்புகளின் பரிந்துரை. விமானத்துக்கு மட்டும் உரியதன்று இது. ஏறத்தாழ 600 மீட்டரைக் கடந்த எந்த உயரத்துக்கும், அது மலைச்சாலையாயினும் ரயில் பாதையாயினும், இதே காத்திருப்புப் பொருந்தும்.

ஊரிகம் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உள்ளது. பெங்களூரு அதனினும் உயரம். சென்னையிலிருந்து வரும் ரயில் ஜோலார்பேட்டையைக் கடந்ததும் மேட்டுநிலம் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே சென்னையிலோ புதுச்சேரியிலோ ஞாயிறு காலை இருமுறை மூழ்கிவிட்டு, திங்கள் பணிக்காக அன்று மாலையே வண்டியேறுவது கூடாது. மறுநாள் காலை வண்டிக்கு இருக்கை பதிவு செய்துகொள்ள வேண்டும். மூச்சுக்குழாயுடன் மேற்பரப்பில் மட்டும் நீந்தியவர்களுக்கு இந்தக் காத்திருப்புத் தேவையில்லை.